குடாநாட்டின் வைத்திய வரலாறு – 17: 110 நிமிடங்கள்

பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்த ஒருவர் 1940களில் கேம்பிறிஜ் பல்கலைக்கழகத்தில் போல் டிறாக்கிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். பிற்காலத்தில் கொழும்பிலும் மலாயாவிலும் மெல்பேணிலும் கணிதப் பேராசிரியராக விளங்கிய சி. ஜே. எலியேசர்தான் அவர். இலத்திரன் கதிர்வீசும்போது அதன் இயக்கம் எப்படி மாறும் என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. வைத்தியத்துக்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு எதுவுமில்லை. ஆனாலும் இந்தப் பகுதியை அவர் பெயரோடுதான் தொடங்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. அவருடைய ஆசிரியர் 1928இல் எழுதிய ஒரு சமன்பாட்டிலிருந்து பிறந்த துணிக்கையைக் கொண்டுதான் இன்று பெண்ணின் மார்பில் இருக்கும் சில மில்லிமீற்றர் கட்டியைத் தேடுகிறார்கள்.

அந்தச் சமன்பாடு இலத்திரனுக்கு எதிரேற்றம் கொண்ட ஒரு சோடி இருக்க வேண்டும் என்றது. 1931இல் டிறாக் அதை வெளிப்படையாகவே எழுதினார். அடுத்த ஆண்டில் கலிபோர்னியாவில் கார்ல் அன்டர்சன் முகில் அறையில் அதன் தடத்தைப் படம் பிடித்தார். நமது பாடப்புத்தகங்களில் வரும் பொசித்திரன் இதுதான். உடலுக்குள் அது நெடுநேரம் வாழாது. மிகச் சிறிய தூரமே ஓடி, எதிர்ப்படும் இலத்திரனோடு மோதி, இரண்டும் அழிந்துவிடும். அழிந்த இடத்திலிருந்து இரண்டு காமாக் கதிர்கள் ஏறத்தாழ நேரெதிர்த் திசைகளில் கிளம்பும். ஒவ்வொன்றின் சக்தியும் 511 கிலோ இலத்திரன் வோல்ற்று. இரு பக்கமும் உணரிகளை வைத்து, இரண்டிலும் ஒரே கணத்தில் கதிர் பட்டால், அவற்றை இணைக்கும் கோட்டில் எங்கோ அந்த மோதல் நடந்திருக்கிறது. இலட்சக்கணக்கான கோடுகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் படம் கிடைக்கும். பெற் ஸ்கானின் அடிப்படை இவ்வளவுதான்.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் பொது வைத்தியசாலையில் கோர்டன் பிரவுணலும் வில்லியம் ஸ்வீற்றும் மூளைக் கட்டிகளைத் தேட இந்த வழியை முதலில் பயன்படுத்தினார்கள். வளையமாக உணரிகளை அடுக்கிக் குறுக்குவெட்டுப் படம் எடுக்கும் கருவி 1970களின் நடுவில் சென். லூயிஸ் நகரில் உருவானது. மைக்கேல் பெல்ப்ஸ், எட்வேட் ஹொப்மன், மிஷேல் ரெர்-பொகோசியன் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள்.

கருவி வந்துவிட்டது, உடலுக்குள் எதைச் செலுத்துவது? புற்றுக் கலங்கள் சாதாரணக் கலங்களைவிடக் கூடுதலாகக் குளுக்கோசை எரிக்கின்றன என்று ஜேர்மனியில் ஒட்டோ வார்பேக் 1920களிலேயே கண்டிருந்தார். குளுக்கோசைப் போலவே இருந்து, கலத்துக்குள் போனபின் எரிந்து முடியாமல் அங்கேயே தங்கிவிடும் ஒரு மூலக்கூறு வேண்டும். அதில் பொசித்திரன் வீசும் அணு ஒன்று ஒட்டியிருக்க வேண்டும். புளோரின்-18 ஏற்றிய டிஒட்சிகுளுக்கோசு அந்தத் தேவைக்குப் பொருந்தியது. நியூயோர்க் லோங் ஐலன்ட் தீவிலுள்ள புறூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் அது தயாரானது. மனித உடலில் முதலில் செலுத்தப்பட்டதோ பிலடெல்பியாவில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில், 1976 ஆகஸ்ட் மாதம். புளோரின்-18இன் அரைவாழ்வுக்காலம் 110 நிமிடம். தயாரித்ததில் பாதி அவ்வளவு நேரத்துக்குள் இல்லாமற் போய்விடும். அதனால் மருந்தை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். இந்த மருந்தின் முதல் நாளே தூரத்தோடு நடந்த ஓட்டப்பந்தயமாக இருந்தது என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நம்முடைய கதை அங்கேதான் வந்து முட்டும்.

மார்பகப் புற்றுநோய்க்கு இது பயன்படும் என்பதை 1990களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் றிச்சட் வால் குழுவினர் காட்டினார்கள். 1993இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு சிறியது, 11 பெண்கள்தான். ஆனால் அதன் செய்தி பெரிது. கீமோ மருந்து வேலை செய்த பெண்களில், எட்டாம் நாளிலேயே கட்டி குளுக்கோசை எடுப்பது குறைந்திருந்தது. கட்டியின் பருமன் சுருங்குவதைக் கையால் தொட்டு அறிய வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும். வேலை செய்யாத மருந்தை உடம்பில் ஏற்றிக்கொண்டு, முடி கொட்டி, வாய் புண்ணாகி, பயனின்றிக் கழியும் வாரங்கள் அவை. அவற்றில் ஒன்றிரண்டையாவது மிச்சம் பிடிக்க முடியும் என்பதே அந்த ஆய்வு தந்த நம்பிக்கை.

ஆனால் முழு உடலையும் எடுக்கும் கருவிக்கு மார்பகம் சரிவரத் தெரிவதில்லை. ஐந்தாறு மில்லிமீற்றருக்குக் குறைந்தவை மங்கிப்போகும். இதற்கான காரணத்தைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். இரண்டு காமாக் கதிர்களும் நேரெதிரே போகின்றன என்றேன். உண்மையில் மிகச் சிறிய கோணப் பிழை ஒன்று உண்டு. உணரிகள் ஒன்றிலிருந்து ஒன்று விலக விலக அந்தப் பிழை பெருகும். முழு உடல் வளையத்தின் விட்டம் ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர். அந்தத் தூரத்தில் இந்தப் பிழை மட்டுமே 1.8 மில்லிமீற்றர் மங்கலைக் கொடுக்கும். உணரியிலுள்ள பளிங்குகளின் அகலம், மூச்சுவிடும்போது நெஞ்சு அசைவது எல்லாம் அதற்கு மேல் சேரும். உணரிகளை 10 சென்ரிமீற்றர் இடைவெளிக்குள் கொண்டுவந்தாலோ கோணப் பிழையால் வரும் மங்கல் 0.2 மில்லிமீற்றர்தான். பளிங்கையும் 2 மில்லிமீற்றர் அகலத்துக்குச் சிறிதாக வெட்டலாம். கிட்ட இருக்கும் உணரியில் படும் கதிர்களும் கூட.

ஆக, மார்பகத்துக்கென்றே தனியாக ஒரு சிறிய கருவி செய்துவிடுவது. அமெரிக்காவில் இர்விங் வெயின்பேக்கும், மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தோபர் தொம்சனும் 1990களின் நடுவில் இந்த யோசனையை வளர்த்தார்கள். மமோகிராம் போலவே மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைப்பது. ஆனால் அவ்வளவு இறுக்கம் தேவையில்லை, அசையாமல் பிடித்தால் போதும். தட்டுகளுக்குள் உணரிகள். ஒரு கோணத்துக்குப் பத்து நிமிடம் அளவில். 2000களில் இது சந்தைக்கு வந்தது. ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் வரை பிரித்துக் காட்டியது. ஸ்பெயினின் வலென்சியாவிலும் ஜப்பானிலும் வேறு வடிவம் எடுத்தார்கள்: பெண் குப்புறப் படுக்க, மேசையிலுள்ள துவாரத்தின் வழியே மார்பு தொங்க, அதைச் சுற்றி உணரி வளையம். நசுக்குதலே இல்லை. ஷிமாட்ஸு நிறுவனம் 2014இல் அப்படியொரு கருவியை வெளியிட்டது.

மார்பகத்துக்கான இந்தப் பெற் எம்.ஆர்.ஐ.யைவிடச் சிறந்ததா? 2011இல் வென்டி பேர்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட 388 பெண்களை இரண்டு முறையாலும் சோதித்தார்கள். தனித்தனிக் கட்டிகளைக் கண்டுபிடிப்பதில் எம்.ஆர்.ஐ. முந்தியது. முழு மார்பையும் எடுக்க வேண்டுமா என்ற முடிவுக்கும் அதுவே கூடுதல் துணை செய்தது. புற்று அல்லாததைப் புற்றென்று சொல்லிப் பயமுறுத்துவதோ பெற்றில் குறைவாக இருந்தது. இதைவிட ஒரு பெரிய எல்லையும் உண்டு. ஊசியில் ஏற்றும் மருந்து உடல் முழுவதும் பரவுகிறது. 370 மெகாபெக்கரல் கொடுத்தால் ஆறேழு மில்லிசீவேட் கதிர் உடம்பில் படும். ஒரு மமோகிராம் ஏறத்தாழ 0.4 தான். நோயில்லாத பெண்களை ஆண்டுதோறும் வரிசையில் நிறுத்திச் செய்யக்கூடிய பரிசோதனை இதுவல்ல. நோய் இருக்கிறது என்று தெரிந்த பெண்ணுக்கு, அது எவ்வளவு பரவியிருக்கிறது, மருந்து பிடிக்கிறதா, சத்திரசிகிச்சையில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று பார்க்கத்தான் இது. எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதவர்களுக்கும் உதவும்.

இனி நம் பக்கம் வருவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் புற்றுநோயின் வரலாற்றை எழுதப் போனால் அது பாதைகளின் வரலாறாகவே வந்து விழுகிறது. மகரகம என்ற ஊர்ப் பெயரை நமது வீடுகளில் நோயின் பெயராகவே பல தலைமுறை சொல்லியிருக்கிறது. "மகரகமவுக்குப் போட்டு வந்தவ" என்றால் வேறு விளக்கம் கேட்கமாட்டார்கள். அங்குள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கு யாழ்தேவி ரயிலில் ஏறிப் போன காலம் ஒன்று. 1990 யூனில் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தது; ஆனையிறவுப் பாதை மூடியது. பிறகு கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்து, வவுனியாவில் சோதனை முடித்து, கொழும்புக்குப் போன காலம் வந்தது. 2002இல் ஏ-9 பாதை திறந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. அனுமதி எடுத்துக் கப்பலில் திருகோணமலைக்கோ பலாலியிலிருந்து விமானத்திலோதான் போக முடிந்தது. மார்பில் கட்டி ஒன்றைத் தொட்டறிந்த பெண், கிளியறன்ஸ் வரும்வரை காத்திருந்தார். அந்த மாதங்களில் கட்டி காத்திருக்கவில்லை. எத்தனை பேர் அப்படிப் பிந்தினார்கள் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. எண்ணப்படாததாலேயே இந்தத் தொடரில் அதை எழுதி வைக்கிறேன்.

போர் முடிந்து இரண்டு ஆண்டில் ஒரு பாதயாத்திரை நடந்தது. நேதன் சிவகணநாதன், சரிந்த உணம்புவ என்ற இரு நண்பர்களின் முயற்சி. 2011 யூலையில் தெற்கின் தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கின் பருத்தித்துறை வரை, 670 கிலோமீற்றர், 27 நாள். வழியெல்லாம் மக்கள் சேர்ந்து நடந்தார்கள். 20 இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணத்தில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து 2013இல் திறக்கப்பட்டது. இருபது ஆண்டுக்கு மேல் உயர் பாதுகாப்பு வலயத்தின் நிழலில் கிடந்த ஒரு பகுதியில், நாட்டின் மறுமுனையிலிருந்து நடந்து வந்தவர்களின் காசில் எழுந்த கட்டடம் அது. 2016இல் அதே குழு எதிர்த்திசையில், பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனைக்கு நடந்து, காலி கராப்பிட்டியவில் இன்னொன்றுக்குப் பணம் சேர்த்தது.

அந்த 2016இலேயே தெற்கில் இன்னொரு திரட்டல். மகரகமவுக்கு ஒரு பெற் ஸ்கான் வாங்க 200 மில்லியன் ரூபா இலக்கு வைத்துக் கதீஜா பவுண்டேசன் மக்களிடம் கேட்டது. புற்றுநோய்க்கு மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பனின் முனைப்பு அது. தனியார் வைத்தியசாலையில் ஸ்கானுக்குக் கட்ட வழியில்லாதவர்களுக்கும் அது கிடைக்க வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். பாடசாலைப் பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் கொடுத்தார்கள். இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில், புற்றுநோய்க் கருவி என்றால் இந்த நாட்டில் இனம் மதம் பார்க்காமல் கை நீள்கிறது என்பது தெரிகிறது. அரசாங்கம் செய்ய வேண்டியதை மக்கள் நடந்தும் உண்டியல் உடைத்தும் செய்ய நேர்ந்தது என்பதும் அதே நேரத்தில் தெரிகிறது.

சரி, இதே போல இன்னொரு திரட்டல் நடந்து, மார்பகத்துக்கான சிறிய பெற் கருவி ஒன்று தெல்லிப்பழைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முழு உடல் கருவி கேட்கும் அளவுக்கு இடம் வேண்டாம். ஆனால் மருந்து?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கொழும்பில் புளோரின்-18 மருந்து கையில் இருக்கிறது, ரயிலில் ஏற்றுகிறோம். யாழ்தேவிக்கு ஏழு எட்டு மணித்தியாலம். 110 நிமிடத்தில் பாதி, 220இல் கால், 330இல் அரைக்கால், 440 நிமிடத்தில், அதாவது ஏழு மணி இருபது நிமிடத்தில், பதினாறில் ஒரு பங்கு. ஒரு பெண்ணுக்கு 370 மெகாபெக்கரல் போய்ச் சேர வேண்டுமானால் புறப்படும்போது ஏறக்குறைய 5,900 ஏற்ற வேண்டும். ஐந்து பேருக்கு 30,000. விமானமென்றால், தயாரித்த அறையிலிருந்து நோயாளியின் கை வரை மூன்று மணித்தியாலத்தில் முடித்தால் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். இது நடக்கக்கூடியது. இந்தியாவில் 2002இல் மும்பாயில், புளோரின்-18ஐ உண்டாக்கும் முதல் மருத்துவ சைக்கிளோத்திரன் வந்தபின், அது இல்லாத நகரங்களுக்கும் இப்படித்தான் மருந்து பறந்தது. ஆனால் விமானம் ஒரு நாள் பிந்தினால் அன்று வந்து பட்டினியோடு இருக்கும் அத்தனை பெண்களும் வீடு திரும்ப வேண்டும். பட்டினி என்று காரணத்தோடுதான் சொல்கிறேன். ஊசிக்கு முன் நான்கைந்து மணித்தியாலம் எதுவும் சாப்பிடக் கூடாது. இரத்தத்தில் சீனி ஏறியிருந்தால் அதுவே மருந்தோடு போட்டி போட்டுப் படத்தைக் கெடுக்கும். வீட்டுக்கு ஒருவர் சீனி வருத்தத்தோடு இருக்கும் எங்கள் ஊரில் இது சின்ன விஷயமல்ல. குளிசையை எப்போது போடுவது, இன்சுலின் ஊசியை எப்போது நிறுத்துவது என்று ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

சைக்கிளோத்திரன் இல்லாமலே மருந்து எடுக்க ஒரு வழி உண்டு. ஜேர்மானியம்-68 என்ற சமதானியை ஒரு சிறு நிரலில் அடைத்து வைப்பார்கள். அதன் அரைவாழ்வுக்காலம் 271 நாள். அது சிதைந்து கலியம்-68 ஆகும். சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை அதைக் கரைத்து எடுக்கலாம். ஏறத்தாழ ஓராண்டுக்கு ஒரு நிரல். பாதை மூடினாலும் விமானம் பிந்தினாலும் அது உள்ளேயே இருக்கும். 1990களின் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இங்கே இயற்கை ஒரு விலை கேட்கிறது. கலியத்தின் பொசித்திரனுக்குச் சக்தி கூட. அழியுமுன் அது சராசரியாக 3 மில்லிமீற்றர் அளவு ஓடிவிடும். புளோரினின் பொசித்திரன் ஓடுவது 0.6 மில்லிமீற்றர். 2 மில்லிமீற்றர் கூர்மைக்காகச் செய்த கருவியில் கலியத்தை வைத்தால், செலவழித்துப் பெற்ற கூர்மையில் பெரும் பகுதி வீணாகும்.

செம்பு-64 மூன்றாவது வழி. அரைவாழ்வுக்காலம் 12.7 மணித்தியாலம். அதன் பொசித்திரன் புளோரினுடையதைப் போலவே குறுகிய தூரம்தான் ஓடும். அதே ஏழு மணி இருபது நிமிடப் பயணத்தின் முடிவில் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். சிதையும் அணுக்களில் ஏறக்குறைய ஆறில் ஒன்றுதான் பொசித்திரன் வீசும் என்பது அதன் குறை. ஆனால் கிட்ட இருந்து கதிரை அள்ளும் சிறிய கருவிக்கு அந்தக் குறை அவ்வளவு பெரிதல்ல. ஹேர்2 வகை மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் ட்ரஸ்ற்றுசுமாப் மருந்திலேயே செம்பு-64ஐ ஏற்றி, மருந்து கட்டியைப் போய்ப் பிடிக்கிறதா என்று ஜப்பானில் மனிதரில் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். செம்பு-64 ஏற்றிய அந்த ட்ரஸ்ற்றுசுமாப் இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது. வைத்தியசாலைகளில் அன்றாடம் கிடைக்கும் மருந்தாக வரவில்லை.

இவ்வளவையும் எழுதியபின் என் கருத்தைச் சொல்ல வேண்டும். தெல்லிப்பழைக்கு இன்று முதலில் வேண்டியது இந்தக் கருவி அல்ல. இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். 1996 முதல் 35 வயது கடந்த பெண்களுக்கென்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடக்கும் கிளினிக்குகளில், கையால் மார்பைச் சோதித்துப் பார்ப்பது இலவசம். குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து சொல்லியும், "பிறகு பாப்பம் பிள்ளை" என்று தள்ளிப்போடும் அம்மாமார் ஒவ்வொரு குறிச்சியிலும் இருக்கிறார்கள். கட்டியைச் சிறியதாக இருக்கையில் பிடிக்க அல்ட்ரா சவுண்டும், திசுவைப் பார்த்து விரைவாக முடிவு சொல்லும் நோயியல் நிபுணரும், சத்திரசிகிச்சைக் கூடத்தில் காலியான ஒரு நாளும் முன்னே வர வேண்டும். பெற் படம் அவற்றுக்குப் பின்னே வருவது.

பின்னே வருவது என்றாலும், அதற்கான ஆட்களை உருவாக்க ஆண்டுகள் ஆகும். கருவியைப் போலக் கப்பலில் இறக்க முடியாது. கதிர்மருந்தைக் கையாளத் தெரிந்த மருந்தியலாளர், உணரிகளை நாள்தோறும் அளந்து சரிபார்க்கும் மருத்துவப் பௌதிகவியலாளர், படத்தை வாசிக்கும் வைத்தியர், ஈயச் சுவர் வைத்த ஓர் அறை. திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் பௌதிகவியல் துறை இருக்கிறது. 1978இல் தொடங்கிய மருத்துவபீடமும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து மருத்துவப் பௌதிகவியலில் நாலைந்து பிள்ளைகளை இப்போதே பயிற்றத் தொடங்கினால், மார்பகப் புற்றுக்கான செம்பு-64 மருந்துகள் ஆராய்ச்சி நிலையைத் தாண்டி வரும் நாளில், அவற்றைத் தெல்லிப்பழையில் கையேற்க ஆள் இருக்கும்.

(தொடரும்)